மழை பொய்த்த வருஷத்தில் குழுவை நடத்துவது

அத்தியாயம் 6

நயினார்கோவில் ஒன்றியத்து ஊர்களில் மகளிர் குழுவுக்குப் புதிதாக ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ வந்திருப்பவருக்கு இந்த அத்தியாயம். கூட்டம், சேமிப்பு, உள்கடன், பதிவேடு ஆகியவை ஏற்கெனவே ஓரளவு ஓடிக்கொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். மிளகாய் வத்தல் நன்றாக விளைந்து பரமக்குடியில் விலையும் நின்றால் குழுவை யார் வேண்டுமானாலும் நடத்திவிடலாம். கூட்டத்துக்கு வராதவர்கூடத் தவணையைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பிவிடுவார். கண்மாய் நிறையாத வருஷத்தில்தான் ஊக்குநருக்கு உண்மையான வேலை.

அந்த வருஷத்தில் மூன்று பயம் வரும். உறுப்பினர் முகத்தைப் பார்த்துக் காசு கேட்கப் பயம். வங்கி மேலாளர் முன்னால் போய் நிற்கப் பயம். "உனக்கு எதுக்கு இந்த ஊர் வம்பு" என்று வீட்டில் கேட்பார்களே என்ற பயம். இவற்றைப் பேச்சுத் திறமையால் தீர்க்க முடியாது. கணக்கு கையில் இருந்தால் தீரும், அதுவும் தவணை தவறுவதற்கு முன்பே இருந்தால்.

எழுதப் படிக்கத் தெரியாததால் தலைமைக்கு வரத் தயங்குகிறவர்கள் மதுரைப் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளையை நினைத்துக்கொள்ளலாம். வயல் வேலைக்குப் போகும் பெண்களின் கொத்துக்குத் தலைவியாக இருந்து, வேலை பேசி, கூலி பேசி, ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தவர். பிறகு களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களின் தலைவியானார். 2001-இல் தில்லியில் ஸ்திரீ சக்தி விருது மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது. நம் வேலைக்கு அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது விருதை அல்ல, கொத்துத் தலைவியாக அவர் பழகிய பழக்கத்தை. யாருக்கு எவ்வளவு என்பது பேசும்போதே தலைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும், பிரிக்கும்போது எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

நம் பக்கம் ஆவணி, புரட்டாசியில் நெல்லைப் புழுதியில் விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறோம். மிளகாயும் அதே மழையை நம்பித்தான். தையில் நெல் அறுப்பு, மாசியிலிருந்து சித்திரை வரை வத்தல். ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்தால் தையில் வர வேண்டிய காசும் வராது, பங்குனியில் வர வேண்டியதும் வராது.

கெட்ட வருஷம் சொல்லிக்கொண்டுதான் வரும் என்பதே இதன் பொருள். கார்த்திகைக் கடைசியில் கண்மாய்க் கரையில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். முதல் தவணை தவறப்போவது தை, மாசியில். நடுவில் கிடைக்கும் அந்த ஒரு மாதத்தில்தான் பெரும்பாலான குழுக்கள் "பார்ப்போம், மார்கழியில ஒரு மழை பெய்யாதா" என்று இருந்துவிடுகின்றன.

2016-இல் என்ன நடந்தது என்று உங்கள் குழுவின் மூத்தவர்களைக் கேளுங்கள். நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. அதே பருவத்தில் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது. அறிவிப்பு வரும்போது நம் வயலில் பயிர் காய்ந்து நாளாகியிருந்தது. அரசாணை வரட்டும் என்று காத்திருந்தால் நீங்கள் பின்தங்கிவிடுவீர்கள்.

படி 1: கார்த்திகைக் கணக்கு

இரண்டு பிரதிநிதிகளைக் கூட வைத்துக்கொண்டு, கூட்டம் கூட்டாமல், ஒரு மத்தியானம் உட்காருங்கள். ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம், வங்கிப் பாஸ்புக் நான்கும் முன்னால் இருக்க வேண்டும். பாஸ்புக்கில் அன்றைக்கே வரவு பதிந்து வாருங்கள். மூன்று மாதம் பழைய வரியை வைத்துக்கொண்டு எதையும் பேச முடியாது.

ஒரு தாளில் நான்கு எண்களை எழுதுங்கள்.

1. குழுவிடம் இப்போது இருக்கும் பணம்: கையிருப்பும் வங்கி இருப்பும் தனித்தனியாக.
2. வங்கிக் கடனில் பாக்கி, மாதத் தவணை, தவணைத் தேதி.
3. உள்கடனில் யார் யார் எவ்வளவு கட்ட வேண்டும்.
4. ஏற்கெனவே தவறிய தவணைகள், உங்களுடையதும் சேர்த்து.

நான்காவது எண்ணில்தான் கை தயங்கும். ஊக்குநரின் பாக்கியை "அடுத்த மாசம் சரி பண்ணிக்கலாம்" என்று பேரேட்டில் பூசி மெழுகும் வழக்கம் பல குழுக்களில் உண்டு. நல்ல வருஷத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். கெட்ட வருஷத்தில் அந்த ஒரு வரியை வைத்தே குழு உடையும். மையில் எழுதுங்கள், அடித்துத் திருத்தாதீர்கள்.

கவனம்: கையிருப்பு என்று எழுதியிருக்கும் தொகையை அந்த இடத்திலேயே எண்ணிப் பாருங்கள். புத்தகத்தில் 4,300 என்றும் டப்பாவில் 2,800 என்றும் இருந்தால், மீதியை யார் கைமாற்றாக எடுத்தார் என்பதை அன்றைக்கே பேசி முடிக்க வேண்டும்.

படி 2: வீடு வீடாகப் போய்க் கேளுங்கள்

கூட்டத்தில் வைத்து "யாரால கட்ட முடியாது, கை தூக்குங்க" என்று கேட்காதீர்கள். முடியாதவர் கை தூக்க மாட்டார். முடிகிறவர், மற்றவர் கட்டாதபோது நான் ஏன் கட்ட வேண்டும் என்று யோசிக்க ஆரம்பிப்பார். ஒவ்வொரு வீட்டுக்கும் போங்கள். ஆண்கள் டீக்கடைக்குப் போயிருக்கும் நேரமாக இருந்தால் இன்னும் நல்லது.

முதல் கேள்வி தவணையைப் பற்றி இருக்கக் கூடாது. பேச்சு இப்படிப் போனால் சரி:

"என்ன அத்தாச்சி, மிளகாக் கொல்லை எப்படி இருக்கு?"

"எங்கிட்டு ஆத்தா... செடி நிக்குது, பூவெல்லாம் கொட்டிப்போச்சு."

"அண்ணன் திருப்பூர்ல இருந்து ஏதும் அனுப்புதா?"

"அனுப்புது. அத வாரக் கடங்காரன் வாங்கிட்டுப் போயிர்றான்."

"எத்தனை எடத்துல வாங்கிருக்கீங்க?"

இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் நீங்கள் போயிருக்கிறீர்கள். குழுக் கடன் மட்டும் என்றால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். வாரக் கடன், நகைக் கடன், கமிஷன் கடையில் விதைப்புக்கு வாங்கிய முன்பணம், ஊரில் வட்டிக்கு வாங்கியது எல்லாம் சேரும்போதுதான் கழுத்தை நெரிக்கிறது. கேட்டதை மற்ற வீட்டில் சொல்லாதீர்கள். ஒரு வார்த்தை வெளியே போனால், அடுத்த வீட்டில் உங்களுக்கு மோர் கிடைக்கும், பதில் கிடைக்காது.

படி 3: மூன்றாகப் பிரித்து, பற்றாக்குறையைக் கண்டுபிடியுங்கள்

ஒரு மாதிரிக் கணக்கு. குழுவில் 12 பேர், மாதத் தவணை 18,000 ரூபாய், ஆளுக்கு 1,500. விசாரித்ததில் 5 பேர் முழுதும் கட்டுவார்கள் (7,500). 4 பேர் பாதி கட்டுவார்கள் (3,000). 3 பேரால் முடியாது. வரவு 10,500, பற்றாக்குறை 7,500. மாசி முதல் வைகாசி வரை நான்கு மாதம் இப்படியே போனால் 30,000.

"ஊரே கட்டாது, எல்லாம் போச்சு" என்று கண்மாய்க் கரையில் பேசப்படுவது, தாளில் 30,000 ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. குழுவின் சேமிப்பிலிருந்து எவ்வளவு எடுக்கலாம், மீதிக்கு வங்கியிடம் என்ன கேட்கலாம் என்று இனிமேல் பேசலாம். தொகை தெரியாதவரைதான் ராத்திரி தூக்கம் வராது.

முடியாத மூன்று பேரில் ஒருவர் உண்மையில் முடிந்தும் கட்டாதவராக இருக்கலாம். ஊருக்கே தெரியும், உங்களுக்கும் தெரியும். அவரை இந்தக் கட்டத்தில் அம்பலப்படுத்த வேண்டாம். தாளில் "பாதி" பட்டியலில் எழுதுங்கள், நேரில் போய் "உங்களுக்குப் பாதின்னு போட்டிருக்கேன் மதினி" என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலும் கட்டிவிடுவார்.

படி 4: கூட்டத்தில் உங்கள் கணக்கை முதலில் வாசியுங்கள்

மார்கழி பிறந்த முதல் வாரத்துக்குள் கூட்டம் போட்டுவிடுங்கள். வரிசை முக்கியம்.

1. உங்கள் கடன், உங்கள் பாக்கி, இந்த நான்கு மாதமும் நீங்கள் எவ்வளவு கட்டுவீர்கள்: இதை முதலில் சொல்லுங்கள். உங்களாலும் பாதிதான் முடியுமென்றால் பாதி என்றே சொல்லுங்கள்.
2. பெயர் சொல்லாமல் 5, 4, 3 என்ற கணக்கையும் பற்றாக்குறைத் தொகையையும் சொல்லுங்கள்.
3. பாதி கட்டுகிறவரும் கட்ட முடியாதவரும் மீதியை எந்த மாதம் கட்டுவார்கள் என்பதை உறுப்பினர்களே பேசி முடிக்கட்டும். அந்த நேரம் நீங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது.
4. சேமிப்பிலிருந்து எடுக்கும் தொகைக்கு உச்சவரம்பு வையுங்கள். முழுச் சேமிப்பையும் தொடாதீர்கள்; பிரசவம், ஆஸ்பத்திரி, சாவு மூன்றும் வறட்சி வருஷத்திலும் வரும்.
5. தீர்மானமாக எழுதி, வாசித்துக் காட்டி, எல்லோரிடமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள்.

மாதச் சேமிப்பை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொல்வார். நிறுத்தாதீர்கள், குறையுங்கள். 100 ரூபாய் கட்டியவர் 20 கட்டட்டும். காசு கொடுக்க வேண்டியதில்லை என்றால் ஆள் கூட்டத்துக்கு வரமாட்டார். மூன்று கூட்டத்துக்கு வராதவரைத் திரும்பக் கொண்டுவருவது பாக்கியை வசூலிப்பதைவிடக் கடினம்.

தள்ளுபடிப் பேச்சும் இந்தக் கூட்டத்தில்தான் வரும். கூட்டுறவுச் சங்கங்களில் மகளிர் குழுக் கடன் தள்ளுபடி என்று 2021-இல் அரசு அறிவித்தது உண்மை. அது கூட்டுறவுக் கடனுக்கு, 2021 மார்ச் 31 வரை நிலுவையில் இருந்ததற்கு. தேசிய வங்கியில் வாங்கிய குழுக்களுக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. "எழுதி வந்தா நானே முதல் ஆளா வந்து சொல்றேன், அதுவரைக்கும் இந்தத் தீர்மானம்" என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போங்கள்.

படி 5: தவணைத் தேதிக்கு முன்னால் வங்கிக்குப் போங்கள்

தவறிய பிறகு போனால் நீங்கள் பாக்கிதாரர். முன்னால் போனால் வாடிக்கையாளர். தனியாகப் போகாதீர்கள், மூன்று பேர் போதும், பன்னிரண்டு பேர் போனால் மறியல் என்று நினைத்துக்கொள்வார்கள். வார முதல் நாளும் மாதக் கடைசியும் வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை: தீர்மான நகல் இரண்டு, ஒரு வருஷத் தவணை கட்டிய விவரம், நிலம் உள்ள உறுப்பினர்களின் அடங்கல் நகல், வங்கி மேலாளர் பெயருக்கு மனு.

"சார், எங்களால கட்ட முடியல" என்று ஆரம்பிக்காதீர்கள். "சார், இந்த நாலு மாசமும் மாசம் பத்தாயிரத்து ஐநூறு கட்றோம். மீதிய அடுத்த வெள்ளாமைக்கு ஏத்த மாதிரி தவணைய மாத்தித் தரணும். தீர்மானம் போட்டிருக்கோம்" என்று ஆரம்பியுங்கள். மனுவின் இரண்டாம் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

மேலாளரிடம் பேசத் தெரிந்திருக்க வேண்டியவை கொஞ்சம்தான்:

• தவணை 90 நாளுக்கு மேல் தவறினால் கடன் வாராக்கடன் கணக்கில் போகும். அடுத்த கடன் கிடைப்பது சிரமம். ஆகவே சிறு தொகையாவது கட்டிக்கொண்டே, தவணை மாற்றத்தை அந்த 90 நாளுக்குள் எழுத்தில் வாங்குங்கள்.

• 10 லட்சம் ரூபாய் வரையிலான குழுக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கைப் பிடித்து வைக்கவும் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

• உறுப்பினர் தனியாக வாங்கிய பயிர்க் கடன் வேறு. இயற்கைப் பேரிடர் என்று அரசு அறிவித்து, பயிர்ச் சேதம் 33 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் அதை மாற்றியமைக்க வழி உண்டு. கிராம நிர்வாக அலுவலர் சேதக் கணக்கு எடுக்க வரும்போது வயலில் ஆள் இருக்க வேண்டும்.

• தவணை தள்ளிப்போனால் வட்டி நிற்காது. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கொரோனா காலத்தில் தவணைக்கு விலக்கு தந்தார்களே, அப்போதும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. மாற்றிய பிறகு மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டு, எழுதி வாங்கி, உறுப்பினர்களிடம் சொல்லிவிடுங்கள்.

வாரக் கடன் வசூல்காரர் வந்தால்

இந்த அத்தியாயத்திலேயே பாதுகாப்பு அதிகம் வேண்டிய இடம் இது. குழுக் கடனைக் கட்ட வாரக் கடன் வாங்குவது, அதைக் கட்டக் கைப்பேசிச் செயலியில் வாங்குவது, அதற்கு மீட்டர் வட்டி: இப்படித்தான் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போகின்றன. குழுவின் பெயர் கெடக் கூடாது என்று உறுப்பினரை வெளியே கடன் வாங்க வைக்கும் ஊக்குநர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் செய்வது கெடுதல்.

நுண்கடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் விதி வகுத்தது. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தருவதுதான் நுண்கடன். எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது. பொதுவாக ஒத்துக்கொண்ட இடத்தில்தான் வசூல். அங்கே அடுத்தடுத்து இரண்டு முறைக்குக் குறையாமல் வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். திட்டக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவுக்காரர் வீட்டில் போய் நிற்கக் கூடாது. கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு அரசு 2025-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. தனி ஆள் வாங்கும் கந்துவட்டிக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

ஆள் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டால்:

1. அந்த உறுப்பினரைத் தனியாக விடாதீர்கள். இரண்டு பேர் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். சண்டை போட வேண்டாம்.
2. வந்தவர் பெயர், நிறுவனத்தின் பெயர், நேரம் மூன்றையும் அவர் கண் முன்னாலேயே நோட்டில் எழுதுங்கள். பாதிப் பேர் இதிலேயே எழுந்துவிடுவார்கள்.
3. கட்டும் காசுக்கு அந்த இடத்திலேயே ரசீது. "அட்டையில அடுத்த வாரம் போட்டுக்கலாம்" என்றால் காசும் அடுத்த வாரம்.
4. மிரட்டினால் பெண்கள் உதவி எண் 181. நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்தும் 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர். விவரம் கேட்க 14448. செயலிக் கடனில் மோசடி என்றால் 1930.

பேச்சு குறைந்து, சாப்பாடு குறைந்து, "நான் இருந்து என்ன பண்ண" என்று யாராவது சொன்னால் அதைச் சலிப்பு என்று விட்டுவிடாதீர்கள். அன்று ராத்திரி அவர் தனியாக இருக்கக் கூடாது. வயலுக்கு அடிக்கும் மருந்தை அந்த வீட்டிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தவணைப் பேச்சையெல்லாம் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வரவுக்கு வழி

பங்கிடுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கூட்டத்துக்கு வர யாருக்கும் மனம் வராது. ஏதாவது ஒரு வரவையாவது நீங்கள் முன்னின்று கொண்டுவர வேண்டும்.

நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் ஊரக வேலைக்கு வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். குழுவாக மனு எழுதி, தேதி போட்ட ரசீது வாங்குங்கள். திட்டத்தின் பெயரும் விதியும் மாறிக்கொண்டிருக்கின்றன, இப்போதுள்ள நாட்கணக்கை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கண்மாய் வரத்துக்கால் தூர்வாரும் வேலையாகக் கேட்டால் அடுத்த மழைக்கும் உதவும்.

பயிர்க் காப்பீட்டில், சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், மிளகாய்க்கு அதிகபட்சம் 5 சதவீதம். வறட்சி இழப்பை அவரவர் வயலை வைத்துக் கணக்கிடுவதில்லை. அந்தப் பகுதியில் நடக்கும் பயிர் அறுவடைச் சோதனையின் சராசரியை வைத்துத்தான். "என் வயல் சுத்தமாப் போச்சு, எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு" என்ற சண்டை பாதி இதனால் வருவது. வெள்ளத்தில் மூழ்கினால் கதை வேறு: 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும்.

விளைந்த கொஞ்ச வத்தலைச் சேர்த்து விற்பதுதான் எனக்குப் பிடித்த வழி. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கமிஷன் கடைத் தராசுக்கு அது தெரியாது. ஒரு வீட்டுப் பெண் அரை மூட்டையோடு போனால், சாம்பிளுக்கு ஒரு கை, சாக்கு எடைக்கு ஒரு கழிவு, முன்பணத்துக்கு ஒரு பிடித்தம் போக மீதிதான். நாலைந்து வீட்டு வத்தலைச் சேர்த்துச் செய்யும்போது இவற்றைக் கவனியுங்கள்: வெறுந்தரையில் காயப் போடாமல் தார்ப்பாயில் போடுங்கள். வெளுத்ததையும் காம்பு போனதையும் தனியே பிரியுங்கள். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை சலசலக்க வேண்டும்; சத்தம் வராத வத்தலை மூட்டை கட்டினால் பத்து நாளில் பூஞ்சணம் பிடிக்கும். ஒவ்வொரு வீட்டு எடையையும் கலப்பதற்கு முன் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விலை இறங்கிக் கிடந்தால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வைத்துப் பொருளீட்டுக் கடன் கேளுங்கள்: மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாள். கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியவரின் வத்தலை மட்டும் இதில் சேர்க்காதீர்கள், அந்தச் சண்டை குழுவுக்கு வரும்.

ஊக்குநர் செய்யவே கூடாதவை

உங்கள் நகையை வைத்து மற்றவர் தவணையைக் கட்டாதீர்கள். முதல் மாதம் தெய்வம் என்பார்கள், மூன்றாம் மாதம் "அவ வச்சிருக்கா, கட்டட்டும்" என்பார்கள்.

வெற்றுக் காசோலையிலோ வெற்றுத் தீர்மானத் தாளிலோ கையெழுத்துப் போட்டு வைக்காதீர்கள், எவ்வளவு அவசரமென்றாலும்.

வசூல் பணத்தை ராத்திரி வீட்டில் வைக்காதீர்கள். பரமக்குடிக்குப் பணம் கொண்டுபோகும்போது இருவராகப் போங்கள், எந்த பஸ் என்று முன்கூட்டி ஊரெல்லாம் சொல்லாதீர்கள்.

உறுப்பினரின் வீட்டுக்காரரிடம் போய்க் கடனைப் பற்றிப் பேசாதீர்கள். சில வீடுகளில் அந்தக் கடன் இருப்பதே அவருக்குத் தெரியாது. அடி வாங்குவது அந்தப் பெண்.

அடுத்த மகசூல் வந்ததும்

நல்ல மழை பெய்து வத்தல் காசு வரும் பங்குனி, சித்திரையில்தான் தீர்மானம் மறந்துபோகும். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். நாகநாதர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதும் இருக்கும். பாக்கிக்காரர் முதல் மூட்டையை விற்ற வாரமே பழைய பாக்கியைக் கேளுங்கள்; கடைசி மூட்டைவரை காத்திருந்தால் கிடைக்காது. பாக்கி முடிந்த அன்றைக்கே பேரேட்டில் அவர் பெயருக்கு நேராக "முடிந்தது" என்று எழுதி, கூட்டத்தில் வாசியுங்கள். பாதி கட்டியவர் என்ற பேச்சு அத்தோடு நிற்க வேண்டும்.

பிறகு ஒரு தொடர்வைப்புக் கணக்கு தொடங்குங்கள். மாதிரிக் கணக்கில் வந்த பற்றாக்குறை 30,000 ரூபாய்தான் இலக்கு. ஆளுக்கு மாதம் 100 ரூபாய் என்றால் 12 பேருக்கு 1,200. 25 மாதத்தில் சேர்ந்துவிடும். இதிலிருந்து உள்கடன் கிடையாது என்று தொடங்கும்போதே தீர்மானம் போடுங்கள்.

வறட்சி வருஷத்தைத் தாண்டிய ஊக்குநரை "நீயே இரு" என்று சொல்லிப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அடுத்தவருக்குப் பழக்கம் வர வேண்டும், பொறுப்பை மாற்றுங்கள். மாற்றும் நாளில் பதிவேடுகள், ரப்பர் முத்திரை, டப்பாச் சாவி, முத்திரையிட்ட மனு நகல்கள், காசோலைப் புத்தகம் ஆகியவற்றைப் பட்டியல் போட்டு ஒப்படைத்து இருவரும் கையெழுத்திடுங்கள். அந்த வாரமே தீர்மான நகலோடு வங்கிக்குப் போய்க் கையெழுத்து மாதிரியையும் கணக்கில் உள்ள கைப்பேசி எண்ணையும் மாற்றிவிடுங்கள். கைப்பேசி எண்ணைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பிறகு குழுவின் பணம் வந்த தகவலெல்லாம் பழைய ஊக்குநரின் மகன் கைப்பேசிக்குப் போய்க்கொண்டிருக்கும்.